திங்கள் மாலைக்குள் போய்ப் பாருங்கள்

முப்பது வருடம் வி.டி. ஸ்டேஷனில் இறங்கி வேலைக்குப் போனவன் நான். அங்கிருந்து இருபது நிமிட நடையில், காலாகோடாவில் உள்ள ஜஹாங்கீர் ஆர்ட் காலரிக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை. பணக்காரர்கள் போகுமிடம் என்ற நினைப்பு. ஓய்வு பெற்றபின் மழைக்கு ஒதுங்கியபோதுதான் தெரிந்தது, டிக்கெட்டே கிடையாது!

1952-ல் திறந்த கட்டடம். வாசலில் நீண்டு நிற்கும் கான்கிரீட் கூரையைத்தான் முதலில் பார்த்தேன், டிப்ளமாக்காரன் புத்தி. உள்ளே ஓவியர்கள் ஒரு வாரத்துக்குக் கூடத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். முறை வர வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. செவ்வாயன்று மாட்டிய படங்களைத் திங்கள் மாலை இறக்கிவிட வேண்டும். அதனால்தான் வாரந்தோறும் புதுக் கண்காட்சி. பெரும்பாலும் வரைந்தவரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தெரிந்த மொழியில் தாராளமாகக் கேட்கலாம்.

ஒரு திங்கட்கிழமை இளைஞர் ஒருவர் படங்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்றும் விற்கவில்லையாம். ஒரு படத்தில் ரயில்வே கைகாட்டி. "கை இப்படித் தொங்காதே தம்பி" என்று இந்தியில் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "இவ்வளவு நேரம் நின்று பார்த்தவர் இந்த வாரம் நீங்கள் ஒருவர்தான்" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

கச்சேரிக்கு நம்மவர்களுக்கு ஷண்முகானந்தா சபையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாரிமன் பாயிண்ட் என்.சி.பி.ஏ.வில் இந்துஸ்தானியோடு மேல்நாட்டு இசையும் கேட்கலாம். 2006 முதல் அங்கே ஒரு சிம்பொனி குழுவே இருக்கிறது. காலரியிலிருந்து டாக்ஸியில் பக்கம்தான். சனிக்கிழமை காலரி முடித்து மாலைக் கச்சேரிக்குப் போக நேரம் சரியாக இருக்கும். பேரன் பேத்திகளையும் கூட்டிப்போங்கள்.