துரை பங்களாவின் இரகசியமும் லயத்துப் பிள்ளைகளும்

இலங்கையின் தேயிலை மலைகளில் நடக்கும் கதையாக எழுதப்பட்டு, பிரித்தானியாவில் மிக அதிகமாக விற்பனையான ஆங்கில நாவல் 'த டீ பிளான்டர்ஸ் வைஃப்'. டைனா ஜெஃப்ரிஸ் எழுதி 2015இல் வெளிவந்தது. பன்விலவின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்து அதை வாசித்தபோது, கதையில் சொல்லப்பட்டதைவிடச் சொல்லாமல் விடப்பட்டதே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கதை இதுதான். 1925இல் 19 வயது க்வென், தோட்டத்துரையான கணவர் லோரன்ஸிடம் வந்து சேர்கிறாள். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. மகன் வெள்ளை, மகள் கறுப்பு. கணவர் கண்ணில் படுமுன் ஆயாவின் உதவியோடு மகளைக் கிராமமொன்றுக்கு அனுப்பிவிட்டு, ஆண்டுக்கணக்கில் குற்ற உணர்வில் வேகிறாள். அந்த நிறம் கணவரின் பரம்பரையிலிருந்தே வந்தது என்பது கடைசியில்தான் தெரியவருகிறது.

இது வெறும் கற்பனையல்ல. கோப்பிக் காலத்திலிருந்தே பெரும்பாலான துரைமார் தனியாகவே வந்தார்கள். தோட்டத்துப் பெண்களுக்கும் அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தன. துரையின் சொல்லே சட்டமாக இருந்த இடத்தில், அந்தப் பெண்ணின் சம்மதம் என்பதற்கு என்ன பொருள் இருந்திருக்கும்? 1909இல் குடியேற்ற நாட்டமைச்சர் குரூ பிரபு இத்தகைய உறவுகளைக் கண்டித்துச் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் அது அரச அதிகாரிகளுக்கானது, தோட்டத்துரைமாரைக் கட்டுப்படுத்தவில்லை. இந்தியாவின் கலிம்போங்கில் 1900இல் ஜோன் கிரகாம் பாதிரியார் தொடங்கிய இல்லம், தேயிலைத் துரைமாருக்கு உள்ளூர்ப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகளுக்கானது. 1908 முதல் 1938 வரை அவர்களில் பலர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். தாயோடு தொடர்பு அற்றுப்போனது.

நாவல் துரைசாணியின் கண்ணீரைப் பின்தொடர்கிறது. லயத்துத் தாயின் கதைக்கு நாம் வேறு நூல்களைத்தான் தேட வேண்டும். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' மலையகத்தையும், பி.எச். டேனியலின் 'ரெட் டீ' (தமிழில் 'எரியும் பனிக்காடு') வால்பாறைப் பக்கத் தோட்டங்களையும் உள்ளிருந்து காட்டுகின்றன.

பங்களாவில் பரம்பரை என்பது கௌரவப் பிரச்சினை. லயத்தில் அது நாட்டுரிமைப் பிரச்சினையாகியது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும் தகப்பன் எங்கே பிறந்தார் என்று கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத குடும்பங்கள் எதைக் காட்டும்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள்.

1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பி வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் பின்னர் போரிலும் சிக்கின. செய்தி சேகரிக்க அங்கே போகும்போது, "எங்கட ஆக்களும் மலைநாடுதான்" என்று சிலர் குரலைத் தாழ்த்தியே சொல்வார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற வசவுக்குப் பயந்து பிள்ளைகளிடம்கூட ஊர்ப் பெயரை மறைத்தவர்கள் உண்டு.

லோரன்ஸ் குடும்பம் மறைத்தது தங்கள் மேன்மையைக் காத்துக்கொள்ள. இவர்கள் மறைப்பது பிள்ளைகள் அவமானப்படாமல் இருக்க. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் பாட்டி எந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள் என்பதைப் பேரப்பிள்ளைக்குச் சொல்ல இன்னும் தயங்க வேண்டியிருக்கிறது என்றால், வெட்கப்பட வேண்டியது அந்தக் குடும்பமல்ல. அந்த வசவைச் சொன்ன நம் சமூகம்தான்.