குருத்தெலும்பு: பெயருக்குள் ஒரு பாடம்

உங்கள் காது மடலை விரல்களால் மடக்கிப் பாருங்கள். எளிதாக மடங்குகிறது, விட்டதும் பழையபடி நிமிர்ந்து கொள்கிறது. மூக்கு நுனியும் அப்படித்தான். எலும்பு இப்படி வளையாது. தோலும் தசையும் தாமாக இப்படி நிமிர்ந்து நிற்கமாட்டா. அப்படியானால் உள்ளே இருப்பது என்ன? அதுதான் குருத்தெலும்பு. ஆங்கிலத்தில் கார்ட்டிலேஜ் என்பார்கள்.

கார்ட்டிலேஜ் என்ற பெயர் எப்படி வந்தது? லத்தீன் மொழியில் 'கார்ட்டிலாகோ' என்றொரு சொல் உண்டு. இறைச்சி தின்னும்போது பல்லில் நறுக்கென்று கடிபடும் பகுதியை அது குறித்தது. பிரெஞ்சு மொழி வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது.

கிரேக்கர்கள் வைத்த பெயர் வேறு. அவர்கள் 'காண்ட்ரோஸ்' என்றார்கள். தானியக் குருணைக்கும் அவர்களிடம் அதே சொல்தான்! குருத்தெலும்பிலுள்ள செல்லுக்குக் 'காண்ட்ரோசைட்' என்று பெயர் வந்தது இதனால்தான். உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவும் இதற்கு உறவே. 'மைட்டோஸ்' என்றால் நூல். நூல் போலவும் மணி போலவும் தெரிந்த அந்த நுண்ணுறுப்புகளுக்கு 1898இல் ஜெர்மன் அறிஞர் கார்ல் பெண்டா இப்பெயரைச் சூட்டினார்.

இனி நம் தமிழ்ச் சொல்லைப் பார்ப்போம். தென்னை, பனை, வாழை ஆகியவற்றின் உச்சியில் சுருண்டு நிற்கும் இளம் இலையே குருத்து. குருத்து என்றால் இளமையானது, இனி வளரப்போவது என்று பொருள். எலும்புக்கு இது பொருந்துமா?

நன்றாகவே பொருந்தும். தாயின் வயிற்றில் குழந்தையின் கை, கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகத்தான் உருவாகின்றன. பிறகு சிறிது சிறிதாக அந்த இடத்தை எலும்பு பிடித்துக் கொள்கிறது. பிறந்த பின்னும் நீண்ட எலும்புகளின் முனைக்கருகே மெல்லிய குருத்தெலும்புத் தட்டு ஒன்று எஞ்சி நிற்கும். இதற்கு வளர்தட்டு என்று பெயர். நீங்கள் உயரமாவது இதனால்தான். சிறுவர்களின் எக்ஸ்ரே படத்தில் இது கறுப்புக் கோடாகத் தெரியும். வளர்ச்சி முடிந்ததும் தட்டு முழுவதும் எலும்பாகிவிடும். அதன்பின் உயரம் கூடாது.

ஆனால், எல்லாக் குருத்தெலும்பும் எலும்பாவதில்லை. சுறா மீனுக்கு ஆயுள் முழுவதும் குருத்தெலும்புக் கூடுதான். நம் மூட்டுகளில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பும் கடைசிவரை அப்படியேதான் இருக்க வேண்டும். அதில் இரத்தக் குழாய்களே இல்லை. மூட்டிலுள்ள திரவத்திலிருந்துதான் அது உணவு பெறுகிறது. நாம் நடக்கும்போது ஈரத் துணியைப் பிழிந்து விடுவதுபோல் அது அமுங்கி விரிய, திரவம் உள்ளே சென்று திரும்புகிறது. இரத்த ஓட்டம் இல்லாததால் காயம் பட்டால் எளிதில் ஆறுவதில்லை. அழிந்த மூட்டுக் குருத்தெலும்பு மீண்டும் வளராது என்று லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743ஆம் ஆண்டிலேயே எழுதினார். இன்றும் மருத்துவர்களுக்கு இது பெரிய சவால்தான்.

தென்னையின் குருத்தை வண்டு அடியோடு குடைந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கு வேறு வளர்நுனி கிடையாது, மரமே பட்டுப்போகும். வளர்தட்டு நசுங்கினாலும் அந்த எலும்பு வளராமல் நின்றுவிடலாம், கோணலாகவும் வளரலாம். ஆகவே விளையாடும்போது மணிக்கட்டிலோ முழங்காலிலோ பலமாக அடிபட்டு வீங்கினால், சுளுக்கு என்று எண்ணி உருவி விடச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே இருப்பது குருத்து அல்லவா!