தாய் வாங்கும் கடை எவர் பெயரில்?

சிறு தையற்கடை ஒன்று விலைக்கு வருகிறது. இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு மேசை, விற்பனைக்கு வைத்த சிறிது துணி, அவ்வளவே. மஹராகப் பெற்ற பொன்னை விற்று அதனை வாங்கிக்கொள்ள ஒரு தாய் முன்வருகிறாள். “பெண் பெயரில் கடையா?” என்று உறவினர் முகஞ்சுளிக்க, கிரயச் சீட்டு கணவரின் பெயரில் எழுதப்படுகிறது. நம் இல்லங்களில் காணும் இவ்வழக்கத்துக்கு மார்க்கத்தில் ஆதாரம் யாது?

மஹர் பெண்ணின் தனியுடைமை. அவள் ஈட்டியது அவளுக்கே உரிய பங்கு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 32-ஆம் வசனம் அறிவிக்கின்றது. நபித்துவத்துக்கு முன்னர் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்ற சரக்கு, அன்னை கதீஜா (ரலி) அவர்களுடையதன்றோ!

கணவர் மறைந்துவிட்டால் நிகழ்வதைச் சிந்தியுங்கள். கடை தன்னுடையதென்று சாட்சி கொண்டு நிறுவ இயலாவிடில், அது அவருடைய சொத்தாகவே பங்கிடப்படும். பிள்ளைகளுள்ள மனைவிக்குக் கிட்டுவது எட்டில் ஒரு பங்கு. தன் பொன்னை விற்று வாங்கிய கடையில் எட்டில் ஒன்று!

ஆகவே, எழுதும்போதே அவள் பெயரில் எழுதுக; சாட்சியும் வைத்துக்கொள்க. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கப் பணிக்கும் அல்பகறா 282-ஆம் வசனமே வியாபாரத்துக்குச் சாட்சி வைக்கவும் கூறுகிறது. “எழுதச் சொல்வது நம்பிக்கையின்மையாகாதா?” எனச் சினப்போர் உளர். ஈமான் கொண்டோரை விளித்தே அவ்வசனம் தொடங்குகிறது என்பதை அவர்கள் மறந்தனர் போலும்.

எதை விற்கிறார், எதை விற்கவில்லை என்பதும் தெளிவாக வேண்டும். தைப்பதற்கென வாடிக்கையாளர் கொடுத்த துணி அமானிதம். அதனை விற்க விற்பவருக்கு உரிமையில்லை. அவர் பட்ட கடன் அவரையே சாரும். வரவேண்டிய பழைய பாக்கியை விலையில் சேர்க்காமல் அவரே வசூலித்துக்கொள்ளட்டும்; சர்ச்சைக்கு இடமிராது. இயந்திரத்தில் பழுதிருப்பின் சொல்லிவிட வேண்டும். மறைத்து விற்றது பின்னர் வெளிப்பட்டால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவளுக்கு உண்டு.

மனைவி சம்பாதிக்கிறாள் என்பதால் குடும்பச் செலவுக் கடமை கணவரைவிட்டு நீங்காது. அவள் மனமுவந்து செலவிட்டால் அது தர்மம். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) இதுபற்றி வினவியபோது, உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரண்டு உண்டென நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

இயந்திரத்துக்கும் மேசைக்கும் ஜகாத் இல்லை. விற்பனைத் துணிக்கும் கையிருப்புப் பணத்துக்கும் உண்டு. நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால், நாற்பதில் ஒரு பங்கைக் கொடுக்கக் கடமைப்பட்டவள் அவளே, கணவரல்லர்.