ஆறாவது மைல் வரை ஒரு மிதி! - ராஜபாளையத்தில் ஆற்றோர சைக்கிள் சவாரி

சைக்கிள் ஓட்ட ஆசைதான். ஆனால், எங்கே ஓட்டுவது? ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்தக் கேள்விக்கு பலரிடம் பதில் இல்லை. இரண்டு ஊர்களையும் இணைப்பது திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. கேரளா போகும் லாரிகளும் பஸ்களும் விரட்டிக்கொண்டு வரும் அந்தச் சாலையில், பிள்ளைகளை சைக்கிளில் அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வராது. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள், பிளஸ் டூ முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடிப்பது இதனால்தான்.

அந்த சைக்கிளைத் துடைத்து எடுங்கள். நெடுஞ்சாலையை விட்டுவிட்டு மேற்கே திரும்புங்கள்.

மலையைப் பார்த்தபடி ஒரு சாலை

ராஜபாளையத்திலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்குப் போகிறது முடங்கியாறு சாலை. ஆற்றை ஒட்டியும் விலகியும் செல்லும் தார்ச்சாலை. கடைகளும் வீடுகளும் முடிந்ததும் தென்னந்தோப்பு, மாந்தோப்பு என்று நிழல் தொடங்கிவிடும். ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தைச் சாப்பிட்டவர்களுக்கு இந்தத் தோப்புகளின் அருமை தெரியும்.

வழியில் ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். பெயரிலேயே தூரம் இருக்கிறது. ஆறு மைல் என்றால் சுமார் 9.6 கிலோமீட்டர். அதற்கு அப்பால் வனப்பகுதிக்குள் இருக்கிறது நீர்காத்த அய்யனார் கோயில். பக்கத்திலேயே அய்யனார் கோயில் அருவி.

கியர் சைக்கிள் தேவையில்லை. போகும்போது மலையை நோக்கி லேசான ஏற்றம். ஆனி, ஆடியில் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும். திரும்பும்போது இரண்டுமே உங்கள் பக்கம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக மிதித்தால், போய்வர 20 கிலோமீட்டருக்கு 100 நிமிடங்கள் ஆகும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் இரண்டு நாள் போய்வந்தாலே கணக்கு தாண்டிவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு...

உங்களுக்கு இருக்கவே இருக்கிறது செண்பகத்தோப்பு சாலை. பதினோரு நிலை ராஜகோபுரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு மலையடிவாரத்தை நோக்கி மிதிக்கலாம். 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமானது. இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகம். வனத்துறை சோதனைச்சாவடி வரைதான் நம் எல்லை. அதற்குமேல் அனுமதி வேண்டும். திரும்பி வந்து பால்கோவா சாப்பிடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்!

பெண்களுக்கு ஏன் முக்கியம்?

1991-ல் புதுக்கோட்டையில், கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, இன்னொருவர் கையை எதிர்பார்க்கும் நிலை மாறியது. இன்று ஸ்கூட்டி வந்துவிட்டது. ஆனாலும் 40 வயதில் முதன்முதலாக பேலன்ஸ் பழக நினைக்கும் அக்காவுக்கு, ஹாரன் அடித்து மிரட்டாத ஒரு சாலை வேண்டும்தானே?

வெளிநாடுகளில் இதற்கென்றே தனிப்பாதை போடுகிறார்கள். ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றங்கரையிலேயே குடும்பத்தோடு சைக்கிளில் போகலாம். அவ்வளவு தூரம் போவானேன், கோவை உக்கடம் பெரியகுளக்கரையிலும் சைக்கிள் பாதை வந்துவிட்டது. கண்மாய்களுக்குப் பஞ்சமில்லாத விருதுநகர் மாவட்டத்திலும் அது நடக்க முடியாததல்ல. முடங்கியாறு சாலை தனி சைக்கிள் பாதை அல்ல. டூ வீலர்களும் கார்களும் வரும். இடதுபுறமாக, ஒருவர் பின் ஒருவராகப் போவதுதான் பாதுகாப்பு.

கிளம்பும் முன்...

* காலை வெளிச்சம் வந்தபிறகு கிளம்புங்கள். வெயில் ஏறும் முன் திரும்புங்கள். அடிவாரத் தோப்புகளுக்கு யானைகள் வருவதுண்டு. இருட்டில் அங்கே நிற்க வேண்டாம்.

* காற்று, பிரேக், பெல் மூன்றையும் பாருங்கள். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும் அளவுக்கு சீட் உயரம் இருக்கட்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும்.

* தலைக்கு ஹெல்மெட், கையில் தண்ணீர் பாட்டில் அவசியம்.

* ஊரில் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்யலாம். சரிவு செங்குத்தானது என்பதால் காட்டாற்று வெள்ளம் சட்டென்று வந்துவிடும். தண்ணீர் கலங்கினாலோ, சத்தம் கூடினாலோ ஆற்றில் கால் வைக்காதீர்கள். அருவிக்குத் தடை என்று வனத்துறை சொன்னால் அத்தோடு திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று. இந்த ஆற்றுத் தண்ணீர்தான் தேக்கத்தில் சேர்ந்து ராஜபாளையம் வீடுகளின் குழாய்க்கு வருகிறது. தின்பண்ட கவர், ஷாம்பு பாக்கெட் எதையும் கரையில் போடாமல் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அய்யனார் காத்த நீரை நாமும் கொஞ்சம் காக்கலாமே!