நம்பர் கொடுத்தால் போதாது, நீங்களே அழையுங்கள்

"செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், "பைத்தியமா உனக்கு? எங்களை நினைச்சுப் பாத்தியா?" என்று அடக்கிவிடுகிறோம். அதோடு அவர் பேச்சை நிறுத்திவிடுகிறார். தெளிந்துவிட்டார் என்று வீடு நிம்மதியாகத் தூங்கப் போகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம்: பார், கேள், இணை. இதைச் செய்ய டாக்டராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. புத்திமதி வேண்டாம். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டைவிட்டே அகற்றுங்கள். தனியே விடாதீர்கள்.

'இணை' என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் கடமை முடிந்ததாம்! துவண்டு கிடப்பவர் எப்படி அழைப்பார்? மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டுமே இலவசம், தமிழில் பேசலாம். நீங்களே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கூடவே இருங்கள்.

எதையாவது குடித்துவிட்டார் என்றால் உடனே 108. உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். குடித்த பாட்டிலை, மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

"போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்கிறார்களே, அதுதான் உயிரைக் குடிக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115: வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவு போடுவார்கள், காவலர் வந்து வாக்குமூலம் கேட்கலாம். அதனாலேயே நோயாளி குற்றவாளி ஆகிவிடமாட்டார். தாமதிக்காதீர்கள். "போலீசுக்குச் சொன்னால்தான் பார்ப்போம்" என்று எந்த மருத்துவமனையும் அவசரச் சிகிச்சையை மறுக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1989லேயே பரமானந்த் கடாரா வழக்கில் சொல்லிவிட்டது. இன்னமும் வாசலில் நிற்கவைக்கும் இடங்கள் உண்டு. தீர்ப்பைச் சொல்லிக் கேளுங்கள்.

உடம்பு தேறியதும் டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிவிடுகிறார்கள், மனதை யாரும் பார்ப்பதில்லை. மறுபடி நேராமல் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று அதே 115ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டுக்குக் கிளம்பும் முன் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த மருத்துவமனையில் இல்லையென்றால், மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அன்று அவரைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் போங்கள்.