மாற்ற முடியாததும் தடுக்கக்கூடியதும்

பேராக் மாநிலம், ஆயர் தாவாரில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தாத்தா இரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா 1985இல் பிறந்தவர். மகள் ஐந்தாம் படிவ மாணவி. மூவருக்கும் ‘ஏ’ வகை இரத்தம். ஆனால், மகளுக்கு மட்டும் பிறந்தவுடனே ஒரு பாதுகாப்புக் கிடைத்தது. அது என்ன?

இதனை அறிய, முதலில் கணையத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம். இரைப்பைக்குப் பின்னால் அமைந்துள்ள இவ்வுறுப்பு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமுடையது. உணவைச் செரிக்கும் நீரையும் இன்சுலினையும் இது சுரக்கிறது. கணையத்தில் புற்றுநோய் தோன்றினால் தொடக்கத்தில் அறிகுறிகள் பெரும்பாலும் தெரிவதில்லை. நோய் முற்றிய பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர். ஆகவே, இந்நோய் வரும் அபாயத்தை எவை கூட்டுகின்றன என்று அறிவியலாளர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

அவற்றுள் ஒன்று இரத்த வகை. 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று ஒரு இலட்சத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கண்காணித்தது. ‘ஓ’ வகையினரைவிட ‘ஏ’ வகையினருக்கு 32 விழுக்காடும், ‘ஏபி’ வகையினருக்கு 51 விழுக்காடும், ‘பி’ வகையினருக்கு 72 விழுக்காடும் அபாயம் கூடுதலாக இருந்தது. இந்த எண்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். கண்காணிக்கப்பட்ட அனைவருள்ளும் இந்நோய் கண்டோர் 316 பேர் மட்டுமே. அதாவது, ஏறக்குறைய 340 பேருக்கு ஒருவர். மேலும், இரத்த வகை பெற்றோர் வழி வருவது. அதனை மாற்ற இயலாது.

மற்றொன்று, ‘ஹெப்பாடைட்டிஸ் பி’ எனும் கல்லீரல் அழற்சிக் கிருமி. 2008இல் டெக்சசில் நடந்த ஓர் ஆய்வில், இக்கிருமி ஒரு காலத்தில் உடலில் புகுந்ததற்கான அடையாளம் கணையப் புற்றுநோயாளிகளுள் 7.6 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. இந்நோய் இல்லாதோரிடம் அது 3.2 விழுக்காடே. இருப்பினும், தொடர்பு வேறு, காரணம் வேறு. இக்கிருமிதான் கணையப் புற்றுநோயை உண்டாக்குகிறது என இதைக்கொண்டு முடிவுசெய்ய இயலாது. ஆனால், கல்லீரல் புற்றுநோயை அது உண்டாக்கும் என்பது உறுதி செய்யப்பட்ட உண்மை.

இக்கிருமி, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவலாம். இரத்தம், தூய்மையற்ற ஊசி, பிறர் பயன்படுத்திய சவரக்கத்தி, பாதுகாப்பற்ற உடலுறவு ஆகியவற்றாலும் பரவும். கைகுலுக்குவதாலும் சேர்ந்து உண்பதாலும் பரவாது. எனவே, நோயுற்றவரை ஒதுக்கி வைப்பது அறியாமை.

மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி போடப்படுகிறது. மகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு அதுதான். அதற்கு முன் பிறந்த அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் குழந்தைப் பருவத்தில் அந்த வாய்ப்பு இல்லை. உடலில் கிருமி இருந்தும் பல ஆண்டுகள் அது தெரியாமலேயே போகலாம். ஓர் இரத்தப் பரிசோதனை அதனைக் காட்டிவிடும். கிருமியும் எதிர்ப்பாற்றலும் இல்லாதவர் இப்போதும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். கிருமி உள்ளவருக்கு, தேவைப்பட்டால் அதனைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் உள்ளன.

கணையப் புற்றுநோயின் அபாயத்தைக் கூட்டும் மற்றொரு முக்கியப் பழக்கம் புகைபிடித்தல். அதனையும் நம்மால் தவிர்க்க முடியும்.

ஆண்டுதோறும் ஜூலை 28ஆம் நாள் உலகக் கல்லீரல் அழற்சி நாள். இக்கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கின் பிறந்தநாளும் அதுவே. அந்நாள் வரும்வரை காத்திராமல், “நீங்கள் பரிசோதனை செய்துகொண்டீர்களா?” என்று இன்றே உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.