பைக்கிலும் ஒரு டீபக்கிங்!

என் பழைய கார்புரேட்டர் பைக்கில் ஒரே ஞாயிற்றுக்கிழமை புது சைலன்சர், புது ஏர் ஃபில்டர் இரண்டையும் மாட்டினேன். மாலையில் அப்பாவை ஏற்றிக்கொண்டு தெருமுனையில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 'பட் பட்' என்று வெடிச்சத்தம். எதிரே சைக்கிளில் வந்த சிறுவன் மிரண்டு விழப் பார்த்தான். "முதல்ல இதைச் சரி பண்ணுடா" என்றார் அப்பா.

ஏன் இந்தச் சத்தம்? 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். புது ஃபில்டர் வழியாகக் காற்று அதிகம் போனது. பெட்ரோலின் அளவோ கூடவில்லை. கலவை சரியாகப் பற்றாமல், மிச்சம் சூடான சைலன்சருக்குள் போய் வெடித்தது.

புரோகிராமில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைத் திருத்தினால் பிழை எதில் என்று எப்படித் தெரியும்? சாஃப்ட்வேர் இன்ஜினியரான நானே அதை மறந்துவிட்டேன்! எனவே பழைய ஃபில்டரை மட்டும் திரும்பப் போட்டேன். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, உடனே சைலன்சர் இணைப்பில் சோப்பு நீர் தடவினேன். குமிழிகள்! அந்தக் கசிவு வழியாக வெளிக்காற்றும் உள்ளே போயிருக்கிறது. புது கேஸ்கெட் போட்டதும் சத்தம் நின்றது.

உங்கள் பைக்கில் ஃப்யூயல் இன்ஜெக்ஷனா? அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது ஒரு குட்டி கம்ப்யூட்டர். அதற்கும் இதே விதிதான்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு சோதனை!